பார் தேடிய படகுகள்

தூத்துக்குடிக் கடலின் அடியில் கிடக்கும், ‘பார்’ எனப்படும் பாறைத் திட்டுகளுக்குப் பெயர் உண்டு. தொள்ளாயிரம் பார் அவற்றில் ஒன்று. முத்துச்சிப்பி விளைந்த பார்கள் அவை. 1961-இல் நடந்த முத்துக்குளிப்போடு அந்தத் தொழில் ஓய்ந்துவிட்டது. பார்கள் அங்கேயேதான் இருக்கின்றன. அவற்றை அண்டி மீனும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பாறையை, நாலு திக்கும் தண்ணீராகக் கிடக்கும் இடத்தில், போன வாரம் வலை விட்ட அதே புள்ளியில் மறுபடி கண்டுபிடிப்பது எப்படி? தமிழகக் கடற்கரையின் சிறு படகுகள் தலைமுறை தலைமுறையாக விடை தேடி வந்த கேள்வி இது.

பழைய விடைக்குக் குமரிக் கடற்கரையில் கணியம் என்று பெயர். கடலில் இருந்தபடி கரையைப் பார்க்க வேண்டும். முன்னால் ஒரு தேவாலயக் கோபுரம், அதற்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு முகடு. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருந்தி நிற்கும்வரை கட்டுமரத்தை நகர்த்தினால் ஒரு கோடு கிடைக்கும். வேறு திசையில் இன்னொரு ஜோடியைப் பிடித்தால் இன்னொரு கோடு. இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் பார். ஆழம் போகப் போகப் பனைகளும் வீடுகளும் முதலில் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடும், பிறகு கோபுரங்கள், கடைசியில் மலைதான் மிஞ்சும். எந்தத் தொலைவில் எந்த அடையாளம் உதவும் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும். மூடுபனியிலும் மழையிலும் கணியம் கிடைக்காது.

இடம் சரிதானா என்று உறுதி செய்ய ஆழம் பார்ப்பார்கள். கனமான குண்டோ கல்லோ கட்டிய கயிற்றை இறக்கி, தரை தட்டியதும் இரு கைகளையும் விரித்துக் கயிற்றை அளந்தபடி மேலே இழுப்பார்கள். விரித்த கைகளின் நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. குண்டில் ஒட்டி வருவது சேறா மணலா என்பதும் ஒரு தகவல். எதுவும் ஒட்டாமல் குண்டு ‘டக்’கென்று தட்டினால் பாறை. மேலே ஆலாக்கள் வட்டமிட்டு விழுந்தால், அடியில் சிறுமீனைப் பெரியமீன் துரத்துகிறது என்று பொருள். காதும் உதவும். மலாய் மீனவர்களிடையே ‘ஜூரு செலாம்’ எனப்படும் வல்லுநர் தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தி, மீன் கூட்டம் எழுப்பும் ஒலியைக் கேட்டு வலை விடும் இடத்தைச் சொல்வார்.

இந்த அறிவு குடும்பச் சொத்தாக இருந்தது. அப்பன் மகனுக்குச் சொன்னான்; பக்கத்து மரத்துக்காரனுக்குச் சொல்லவில்லை. நல்ல பாரில் நிற்கும்போது இன்னொரு மரம் நெருங்கி வந்தால், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவதும் தொழிலின் ஒரு பகுதியாக இருந்தது.

ஒலியால் ஆழம் அளக்கும் கருவி பிறந்த கதைக்கும் மீனுக்கும் தொடக்கத்தில் தொடர்பே இல்லை. 1912-இல் டைட்டானிக் பனிப்பாறையில் மோதி மூழ்கியதும், நீருக்குள் இருப்பதை முன்கூட்டி அறிய வழி தேடினார்கள். ஜெர்மானியரான அலெக்சாண்டர் பேம் 1913-இல் எதிரொலி ஆழமானிக்குக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பிடிக்க, பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாங்கெவின் குவார்ட்ஸ் படிகத்தை மின்சாரத்தால் அதிரவைத்துக் காதுக்கு எட்டாத ஒலியை நீருக்குள் அனுப்பிக் காட்டினார். 1925 முதல் 1927 வரை ‘மீட்டியோர்’ என்ற ஜெர்மன் கப்பல் தென் அட்லாண்டிக்கின் அடித்தரையை எதிரொலியாலேயே அளந்தது.

ஆழம் அளந்தவர்களின் காகிதத்தில் தரைக்கோட்டுக்கு மேலே அவ்வப்போது கறைகள் விழுந்தன. அவை மீன்களாக இருக்கலாம் என்ற சந்தேகத்தைச் சோதித்தவர்களில் முந்தியவர் ஜப்பானின் கிமுரா. மீன் குளமொன்றில் ஒலியைச் செலுத்திய தம் சோதனையை 1929-இல் வெளியிட்டார். 1935-இல் நார்வே நாட்டு விஞ்ஞானி ஆஸ்கர் சுண்ட், லோஃபோட்டன் தீவுகளுக்கு அருகே காட் மீன் கூட்டம் ஒரு பட்டையாகப் பதிவான தாளை ‘நேச்சர்’ இதழில் அச்சிட்டார். அதே பத்தாண்டில் ரொனால்டு பால்ஸ் என்ற ஆங்கிலப் படகுத் தலைவர், ஹெர்ரிங் மீன் தேடத் தம் படகிலேயே கருவியைப் பயன்படுத்திக் குறிப்பெழுதி வந்தார்.

அதைச் சாதாரண மீனவன் விலை கொடுத்து வாங்கும் பொருளாக மாற்றியது நாகசாகிப் பகுதியில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஃபுருனோ சகோதரர்கள். குமிழி உள்ள இடத்தில் மீன் இருக்கும் என்று ஒரு மீனவர் சொன்னது அவர்களுக்குப் பொறி தட்டியது. போருக்குப் பின் மிஞ்சிக் கிடந்த கடற்படை ஆழமானிகளைப் பிரித்து, திருத்தி, கடலில் சோதித்து, 1948-இல் மீன் தேடும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் லோரன்ஸ் நிறுவனம் 1957 முதல் ஏரிகளில் தூண்டில் போடுவோருக்கான சிறு பெட்டியைச் செய்யத் தொடங்கியது.

இந்தியாவுக்கும் கருவி சீக்கிரமே வந்தது. ஆனால் சிறு படகுக்கு வரவில்லை. 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐ.நா.வும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, மறு ஆண்டு கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. நார்வேக்காரர்களின் ஆய்வுப் படகுகளில் எதிரொலிக் கருவி இருந்தது. 1960-களில் திட்டம் மண்டபத்துக்கும் விரிந்தது. 1947-இல் பிறந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அப்போது அந்த மண்டபத்தில்தான் இயங்கிவந்தது. 1971-இல் கொச்சியை மையமாகக் கொண்டு தொடங்கிய ஐ.நா. உதவித் திட்டம் ‘ராஸ்ட்ரெலிகர்’, ‘சார்டினெல்லா’ என்ற இரு கப்பல்களை வைத்து, ரத்னகிரியிலிருந்து மன்னார் வளைகுடா வரை ஒலியால் கடலைத் துழாவியது. கானாங்கெளுத்தியின் அறிவியல் பெயரையும் மத்தியின் பெயரையும் தாங்கிய அந்தக் கப்பல்கள், குமரி முனையை ஒட்டிய நெத்திலிக் கூட்டங்களின் பெருக்கத்தைப் பதிவு செய்தன.

அந்த வரைபடங்கள் அறிக்கைகளுக்குள் போயின. அறிக்கை எழுதப்பட்ட மொழியைக் கட்டுமரக்காரர் படித்ததில்லை. கருவியை வைக்க அவருடைய மரத்தில் உலர்ந்த இடமும் இல்லை, பேட்டரியும் இல்லை. நாலைந்து மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தின் மேல் அலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சுண்ட் தம் தாளை அச்சிட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும் சிறு தொழிலாளியிடம் இருந்தது கணியமும் கயிறும்தான். இந்தத் தாமதத்துக்கு விலை இருந்தது. கருவி வைத்திருந்த விசைப்படகு மீனைப் பார்த்து வலை விட்டபோது, கட்டுமரம் அதே கடலில் ஊகத்தை நம்பித் தொழில் செய்தது.

மாற்றம் மூன்று பக்கத்திலிருந்து வந்தது. வெளிப்பொருத்து எஞ்சின்களும் பைபர் படகுகளும் பரவின. 2004 சுனாமிக்குப் பின் வந்த நிவாரணப் படகுகள் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன. 2000-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கா ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை நிறுத்தியதும், கையடக்கக் கருவியால் ஒரு பாரைச் சில மீட்டர் துல்லியத்தில் குறித்துவைக்க முடிந்தது. காகிதச் சுருளும் கனத்த கண்ணாடித் திரையும் போய், சிறிய எல்.சி.டி. திரை வந்ததில் எக்கோ சவுண்டர் எனப்படும் எதிரொலிக் கருவியின் விலையும் எடையும் இறங்கின. கணியம் சொன்ன இடத்தை ஜி.பி.எஸ். எண்ணாகச் சேமித்தது; பாகக் கயிறு சொன்னதைத் திரை காட்டியது.

பைபர் படகில் கருவியைப் பொருத்துவது பெரிய வேலையில்லை; எங்கே பொருத்துவது என்பதில்தான் சூட்சுமம். ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் டிரான்ஸ்டியூசர் எந்நேரமும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். அதன் முகத்தில் காற்றுக்குமிழி படரக் கூடாது. படர்ந்தால் ஒலி கீழே போகாது. பின்பலகையில் எஞ்சின் தொங்குகிறது, விசிறியைச் சுற்றி நுரை. ஆகவே விசிறியை விட்டுத் தள்ளி, படகு ஓடும்போதும் நீர் குலையாமல் வழியும் ஓரமாகப் பார்த்து, முகம் நேர்கீழே இருக்கும்படி திருக வேண்டும். திருகாணி ஓட்டைகளை சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்கும் கருவிக்கும் இடையே ஃபியூஸ் வேண்டும். டிரான்ஸ்டியூசர் வயரை எஞ்சின் வயரோடு சேர்த்துக் கட்டினால் திரை முழுக்கப் புள்ளிகள் கொட்டும். அடிப்பகுதி நுரையோ மரமோ கலக்காத கெட்டி பைபராக இருந்தால், ஓட்டையே போடாமல் உட்புறம் எபாக்சி வைத்து ஒட்டினாலும் ஒலி ஊடுருவிப் போகும்.

துறைமுகம் இல்லாத ஊர்களில் படகு அலையோடு அலையாக வந்து மணலில் ஏறுகிறது. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் அந்த இடியைத் தாங்காது. டிரான்ஸ்டியூசரை ஒரு குழாயின் நுனியில் மாட்டி, பாருக்குப் போனதும் பக்கவாட்டில் இறக்கி, திரும்பும்போது தூக்கிவிடும் ஏற்பாடு அங்கே கைகொடுக்கும்.

கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 30 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 0.04 வினாடி. திரையின் வலது ஓரத்தில் இருப்பதே இந்தக் கணம். இடப்பக்கம் நகர்ந்தது எல்லாம் படகு கடந்து வந்த தண்ணீர். ஒலி டார்ச் வெளிச்சம் போல விரிந்துகொண்டே இறங்குவதால், திரையில் தெரியும் மீன் நேர்கீழேதான் நிற்கிறது என்று கொள்ள முடியாது. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி குறுகலாகப் போய் நுணுக்கமாகக் காட்டும். கரையோரத்துக்கு அது போதும். 50 கிலோஹெர்ட்ஸ் அகலமாக விரிந்து அதிக ஆழம் போகும். பாறைத்தரை தடித்த கோடாக விழும். பல நேரம் அதற்குக் கீழே இரண்டாவது எதிரொலியும் தெரியும். சேற்றுத்தரை மெலிந்து விழும். குண்டில் ஒட்டிய சேற்றைப் பார்த்துச் சொன்ன அதே செய்திதான் இது.

மீனைத் திரைக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை, நம் ஏலக்கூடங்களில் நெட்டி என்று தனியே விலை போகும் அதே உறுப்பு. காற்றில் பட்டு ஒலி பலமாகத் திரும்பும். கத்தாழையும் கூறலும் நெட்டி உள்ள மீன்கள். திரையில் அழுத்தமாக விழும். வஞ்சிரத்துக்கு நெட்டி கிடையாது. சுறாவுக்கும் கணவாய்க்கும் கிடையாது. சந்தையில் தலைநிமிர்ந்து விலை பேசும் வஞ்சிரம், திரையில் மங்கலான கீற்றாகவே போகும். இரைமீனின் திரள் அடர்த்தியாக விழுந்து, அதன் ஓரத்தில் மெல்லிய கோடுகள் வெட்டிப் போனால், துரத்துவது என்ன என்று பருவத்தையும் நீரோட்டத்தையும் வைத்துத்தான் சொல்ல முடியும். அதைச் சொல்வதற்குப் பழைய அறிவுதான் தேவைப்படுகிறது.

எண்ணாக மாறிய பார் எளிதில் கைமாறியது. ஒருவர் கருவியிலிருந்து இன்னொருவர் கருவிக்கு ஒரு பருவத்தில் போய்ச் சேரும் குறிப்பு, கணியமாக இருந்த காலத்தில் ஒரு குடும்பத்துக்குள் பூட்டிக் கிடந்தது. புதிதாகத் தொழிலுக்கு வந்தவனுக்கு அது விடுதலை. பாருக்கு அது நெருக்கடி. படகின் கீழே மட்டும் பார்க்கும் எக்கோ சவுண்டரைத் தாண்டி, சுற்றுவட்டம் முழுவதையும் துழாவும் சோனார் பெரிய படகுகளில் ஏறியதும் கூட்டத்தையே வளைக்கும் சுருக்குமடி வலைக்குக் கண் கிடைத்தது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இல் வந்தது. 2000-இல் சுருக்குமடிக்குத் தடை வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல்மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும் பகல் நேரத்தில் அதைப் பயன்படுத்த இடைக்கால அனுமதி அளித்தது. கரையோர ஊர்களில் இந்த வழக்கை வலையின் வழக்காகப் பேசுகிறார்கள். மீனைப் பார்க்கும் வல்லமை யாரிடம் எவ்வளவு இருக்கலாம் என்ற வழக்கும் இதற்குள் இருக்கிறது.

சிறு படகுக்குப் பொதுப்பணத்தில் கிடைத்த கண்ணும் உண்டு. ஹைதராபாத்தில் 1999-இல் நிறுவப்பட்ட இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் தரும் கடல்பரப்பு வெப்பத்தையும் பாசி நிறமியின் அளவையும் வைத்து மீன் கூடும் வாய்ப்புள்ள இடங்களை அறிவிக்கிறது. அது பரப்பைச் சொல்லும். அடியில் என்ன இருக்கிறது என்பதைப் படகில் உள்ள கருவிதான் சொல்ல வேண்டும்.

அந்தக் கருவியின் உள்ளே இருப்பவை ஒரு திரை, ஒரு மின்சுற்றுப் பலகை, மின்சாரம் பட்டால் அதிரும் பீங்கான் வில்லை. சென்னையை அடுத்த கோவளம் கடற்கரையிலிருந்து மேற்கே, ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையிலான தொழிற்பேட்டைகளில் திரையோடும் சுற்றுப்பலகையோடும் பழகிய கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 2006 முதல் 2014 வரை நோக்கியா தொலைபேசிகள் செய்த வட்டாரம் அது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் திறந்த தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஆனால் கடலில் உப்பு ஏறிப் பழுதாகும் கருவி வெளிநாட்டுப் பெயரோடுதான் வருகிறது. அதன் திரையில் வரும் பட்டியல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் பேசும் திரை, உப்புக்காற்றைத் தாங்கும் பெட்டி, மணலில் ஏறும் படகுக்கென்றே செய்த கழற்றி மாட்டும் குழாய் ஆகியவற்றை இந்த வட்டாரமே வடிவமைக்க முடியும். நாகப்பட்டினத்தில் 2012 முதல் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கணியம் தெரிந்த பெரியவர்களும் கரையில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் பார்களின் பெயரையும் அடையாளங்களையும் திரைகள் காட்டும் ஆழத்தோடு சேர்த்து, அந்தந்த ஊர் மீனவர் சங்கத்தின் பொறுப்பிலேயே பதிந்துவைக்கும் வேலையை, அடுத்த மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களில் எந்த ஊரிலும் தொடங்கலாம்.