எம்4பி: பெயரிலேயே ஒரு பூட்டு

2003 ஏப்ரலில் ஆப்பிள் தொடங்கிய ஐடியூன்ஸ் இசைக்கடையில் 99 சென்ட் கொடுத்து வாங்கிய பாட்டுக் கோப்பின் பெயர் ‘எம்4பி’ என்று முடியும். ‘எம்4’ என்பது எம்பெக்-4 தரத்தின் சுருக்கம். ‘பி’ என்பது ‘புரொடெக்டட்’ என்பதன் முதலெழுத்து. பாதுகாக்கப்பட்டது என்று பொருள். பூட்டில்லாத கோப்பு ‘எம்4ஏ’. அந்த ‘ஏ’ ஆடியோவைக் குறிக்கும்.

ஓரெழுத்துதான் வித்தியாசம்.

எம்4பி பாட்டு ஐபாட் போன்ற ஆப்பிள் கருவிகளிலும், வாங்கியவர் அனுமதி தந்த சில கணினிகளிலும்தான் பாடும். மற்ற பிளேயர்களில் கேட்க ஒரு சுற்றுவழி உண்டு: பாட்டை ஆடியோ சிடியில் எழுதி, திரும்பக் கணினியில் ஏற்றி எம்பி3 ஆக்குவது. இப்படி இரண்டு முறை சுருக்கும்போது ஒலியின் நுணுக்கம் தேயும். காசு கொடுத்தவருக்கே இந்த இழப்பு என்பது பெரிய அநியாயம்.

2009இல் ஆப்பிள் பாட்டுகளின் பூட்டைக் கழற்றியது. புதிதாக விற்றவை எம்4ஏ கோப்புகளாக வந்தன.