இதய நாண்களின் வரலாறு

குருதி ஒரே திசையில் ஓடுவதற்கு இதயத்தின் வால்வுகள் துணைநிற்கின்றன என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. அவ்வால்வுகளுக்குத் துணைநிற்பவை எவை என்னும் வினாவுக்கு முழு விடை காண மருத்துவ உலகிற்கு நெடுங்காலம் ஆயிற்று.

இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே அமைந்திருப்பது ஈரிதழ் வால்வு. அதன் இதழ்களிலிருந்து வெண்ணிற நாண்கள் இறங்கிக் கீழறைச் சுவரில் எழும் இரு பாப்பில்லரி தசைகளோடு இணைகின்றன. கீழறை சுருங்குகையில் குருதியின் அழுத்தமே இதழ்களை மூடுகிறது. தசைகள் அவற்றை இழுத்து மூடுவதில்லை. கீழறையோடு தாமும் சுருங்கி, நாண்கள் தொய்ந்துவிடாமல் காப்பதே அத்தசைகளின் பணி. நாண் அறுந்தால் இதழ் மேலறைப் பக்கம் புரளும். குருதி பின்னோக்கிப் பாயும்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் மருத்துவர் கேலன், இவ்வால்வு வழியே புகை போன்ற கழிவு நுரையீரலுக்குத் திரும்புவதாகக் கருதினார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியொனார்டோ டாவின்சி மாட்டு இதயத்தை அறுத்து ஆராய்ந்து, நாண்களையும் தசைகளையும் நுட்பமாக வரைந்தார். அவ்வோவியங்கள் அவர் காலத்தில் அச்சேறாமையால் மருத்துவர்க்குப் பயன்படவில்லை. 1628இல் குருதிச் சுற்றோட்டத்தை நிறுவிய வில்லியம் ஹார்வி, குருதியைத் தடுக்கும் வால்வு புகையை மட்டும் எவ்வாறு திரும்ப விடும் என்று வினவிப் பழங்கருத்தை மறுத்தார்.

எனினும், நாண்களின் முழு மதிப்பு அறுவைக் கூடத்திலேயே புலப்பட்டது. 1960இல் அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டார், பொறியாளர் லோவெல் எட்வர்ட்ஸுடன் இணைந்து உருவாக்கிய செயற்கை வால்வை நோயாளிக்குப் பொருத்தினார். அக்காலத்தில் பழுதுற்ற வால்வை அகற்றும்போது நாண்களையும் சேர்த்து வெட்டிவிடுவதே வழக்கம். புதிய வால்வு செவ்வனே இயங்கியும் நோயாளிகள் சிலரின் கீழறை வலுவிழந்தது. நாண்களை வெட்டாது விடுமாறு 1964இல் வால்டன் லிலெஹை எடுத்துரைத்தார். அக்கருத்து உடனே வேரூன்றவில்லை. நாண்கள் கீழறையின் வடிவத்தையும் வலிமையையும் பேணுகின்றன என்பதை 1980களின் ஆய்வுகள் உறுதிப்படுத்திய பின்னரே அவற்றைக் காக்கும் முறை பரவியது.

வால்வைத் தனிக் கதவாகக் கருதியமையே அன்று நேர்ந்த பிழை. சுவர், தசை, நாண், இதழ் ஆகிய நான்கும் சேர்ந்தே ஓர் உறுப்பாக இயங்குகின்றன. வகுப்பறையில் இதயத்தை வரையும்போது அம்மெல்லிய நாண்களையும் விடாமல் வரைந்து காட்டுதல் நன்று.