மனைப்பிரிவு வரைபடமும் வீட்டின் வெக்கையும்: ரெட்டியார்பாளையத்தை முன்வைத்து

கடற்கரை ஊர்களில் வீடு வெக்கையானால் பழி கான்கிரீட்டின் மேல்தான் விழுகிறது. புதுச்சேரியிலேயே அதற்கு மறுசான்று உண்டு. ஆன்டனின் ரேமண்ட் அரவிந்தர் ஆசிரமத்துக்காக வடிவமைத்து, 1930-களின் பிற்பகுதியில் பணி தொடங்கி 1940-களில் நிறைவுற்ற கோல்கொண்ட் விடுதி, வலுவூட்டிய கான்கிரீட்டால் ஆனது; ஆயினும் குளிரூட்டி இன்றியே அறைகள் குடியிருக்க இதமாக உள்ளன. கட்டுபொருளைவிட மனையின் திசையே வீட்டின் வெப்பத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது, அந்தத் திசையோ மனைப்பிரிவு வரையப்படும்போதே முடிவாகிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கோல்கொண்டின் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் நோக்குகின்றன. அவற்றில் திருப்பக்கூடிய கிடைமட்டத் தகடுகள் வெயிலைத் தடுத்துக் காற்றை விடுகின்றன. தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளும் இடையே காற்று இடைவெளியும் இருப்பதால் கூரைச்சூடு அறைக்குள் இறங்குவது குறைகிறது. ஈரப்பதம் மிகுந்த இக்கடற்கரையில் இரவும் பெரிதாகக் குளிர்வதில்லை. எனவே சுவரின் தடிமனைவிட, உடலைத் தொடும் காற்றோட்டமே முக்கியம்.

திசையின் பங்கைக் கணக்கே காட்டும். புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் உள்ளது. டிசம்பர் நண்பகலில் நான்கடி உயரத் தெற்குச் சன்னலை முழுதும் நிழலில் வைக்க ஏறத்தாழ மூன்றடி சன்ஷேடு போதும். ஜூன் நண்பகலில் வடக்குச் சன்னலுக்கு ஓரடிகூட வேண்டாம். மேற்குச் சன்னலுக்கு நேரெதிரே சூரியன் 30 பாகை உயரத்தில் நின்றால் ஏழடி தேவைப்படும். அவ்வளவு நீட்டத்துக்குச் சிறு மனையில் இடமேது?

உழவர்கரை நகராட்சிக்குட்பட்ட ரெட்டியார்பாளையம் போன்ற புறநகரில் 30-க்கு 40 அடி மனை ஒன்றைக் கொள்வோம். தெரு கிழக்குமேற்காக ஓடினால் வீட்டின் முன்னும் பின்னும் வடக்கு, தெற்காக அமையும். கிழக்கு, மேற்குச் சுவர்களைப் பக்கத்து வீடுகளே மறைக்கும். தெரு தெற்குவடக்காக ஓடினால் நிலைமை தலைகீழ்: திறந்த முகங்கள் இரண்டும் வெயிலுக்கு, காற்று தேடும் பக்கங்கள் அண்டைச் சுவருக்கு. கிழக்குப் பார்த்த மனைக்குச் சந்தையில் மவுசு அதிகம் என்பது இச்சிக்கலை இறுக்குகிறது.

மண்கட்டியால் கட்டினால் போதாதா எனக் கேட்கலாம். ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் பரப்பிய, சுமார் 5 விழுக்காடு சிமென்ட் கலந்து அழுத்திய மண்கட்டி, சூளைச் செங்கல்லின் எரிபொருள் செலவைத் தவிர்க்கிறது. அந்த நன்மை மெய். ஆனால் மேற்கு வெயிலில் நிற்கும் சுவர் எதனால் ஆனாலும் சூடேறும்.

சுவரோடு சுவர் ஒட்டிய மனைக்குப் புதுச்சேரித் தமிழர் தெருக்கள் வேறொரு விடை வைத்திருந்தன: முற்றம். பக்கச் சன்னல் இல்லாத வீட்டிலும் நடுவிலிருந்து ஒளியும் காற்றும் கிடைத்தன. கோல்கொண்டின் இரட்டைக் கூரையையும் இந்த முற்றத்தையும் சேர்ப்பதே சிறு மனைக்குப் பொருந்தும். முற்றம் பரப்பைத் தின்னும் என்பது உண்மை; ஆயினும் பயனற்ற குறுகிய பக்கச் சந்துகளுக்கு விடும் இடத்தை நடுவே ஒன்றுசேர்க்க விதி அனுமதித்தால் இழப்பு குறையும்.

இங்கே சட்டமும் கைகொடுப்பதில்லை. 2018-இல் வெளியான ‘ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற கட்டட விதித்தொகுப்பு குடியிருப்புகளின் வெளிச்சுவர், கூரை வழி வெப்பத்துக்கு வரம்பு வகுத்தது; ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கே வகுக்கப்பட்டது. மேற்சொன்ன மனையோ ஏறத்தாழ 111 சதுர மீட்டர்தான். சிறு வீடுகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பது கடினம் என்பதால், மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போதே பெரும்பாலான தெருக்கள் கிழக்குமேற்காக ஓட வேண்டும் என நிபந்தனை விதிப்பதே எளிதும் மலிவும். ஏற்கெனவே பிரிக்கப்பட்ட மனைகளுக்கு முற்ற விதியும் நிழற்கூரையும் போதுமான தொடக்கம்.