நுண்ணுயிரின் வாயிலைக் கண்ட பேராசிரியர்

பண்டம் செய்தோன் கடமை செய்தவளவில் முடிவதில்லை. அது சேர்தற்குரிய இடத்தைச் சேர்தலும் வேண்டும். கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்க்கும் இஃது ஒக்கும். அதனை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஜோநாதன் பெக்வித் என்பாரின் வரலாற்றை நம் அன்பர்கட்கு ஈண்டுச் சுருக்கியுரைப்பாம்.

இவர் 1935-ஆம் ஆண்டிற் பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் பயின்று, பின் அதன் மருத்துவக் கல்லூரியிலேயே பேராசிரியராயினார். 1969-ஆம் ஆண்டில் இவரும் இவர்தம் துணைவரும் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவினின்று ஒரு மரபணுவைத் தனியே பிரித்தெடுத்தனர். பத்திரிகைகள் புகழ்ந்தன. இவரோ, இவ்வறிவு மனிதர்க்குத் தீங்காகவும் முடியலாமென்று அப்பொழுதே எச்சரித்தார். மறு ஆண்டிற் கிடைத்த பரிசுப் பணத்தைக் கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியார்க்கு வழங்கிவிட்டார்.

பின்னர் இவர் எடுத்துக்கொண்ட வினா வேறு. பாக்டீரியா தன்னகத்தே புரதங்களை ஆக்குகின்றது. அவற்றுட் பல உள்ளேயே பணிபுரிவன. சில சவ்வைக் கடந்து புறஞ்செல்வன. செல்வது இது, நிற்பது இது என்று பிரித்தறிவது எங்ஙனம்? புறஞ்செல்லும் புரதத்தின் தலைப்பில் அடையாளத்தொடர் ஒன்றுண்டென்று, விலங்குகளின் உயிரணுக்களை ஆராய்ந்த குந்தர் புளோபெல் என்பார் கூறியிருந்தார். பாக்டீரியாவில் அதனை மெய்ப்பிக்கப் பெக்வித் குழுவினர் முயன்றனர்.

புறஞ்செல்லும் புரதமொன்றோடு, உள்ளே தங்கும் பெரும்புரதமொன்றை மரபணு வழியே ஒட்டினர். அக்கலப்புப் புரதம் சவ்வைக் கடக்கமாட்டாது இடையிற் சிக்கிற்று. அதனை மிகுதியாக ஆக்கிய உயிரணுக்கள் மடிந்தன. மடியாது எஞ்சியவற்றைத் தேடி நோக்கியபோது, சிலவற்றில் அடையாளத்தொடர் சிதைந்திருந்தது. தொடர் கெட்டமையாற் புரதம் உள்ளேயே தங்கிற்று, உயிரணுவும் பிழைத்தது. வழிகாட்டுவது அத்தொடரே என்பது இவ்வாறு உறுதியாயிற்று. 1981-ஆம் ஆண்டில் டொனால்டு ஆலிவரும் பெக்வித்தும் ‘செக்-ஏ’ என்னும் மரபணுவைக் கண்டனர். அதனின்று உண்டாகும் புரதமே ஏனைப் புரதங்களை வாயில்வழி வெளியே உந்துவது எனப் பின்னர்த் தெளிவாயிற்று. அடைபட்ட வாயிலைக்கொண்டே வாயிலின் இயல்பை உணர்ந்தமை இவர்தம் நுண்ணறிவுக்குச் சான்றாம்.

மரபணுவை இத்துணை நுணுகியறிந்த இவரே, மனிதரின் குணமும் குற்றமும் பிறப்பிலேயே அமைந்துவிடுவன என்னுங் கூற்றை வன்மையாக மறுத்தார். ‘ஒய்’ என்னும் நிறப்புரி ஒன்று மிகுதியாக உடைய ஆண்மக்கள் குற்றவாளிகளாவர் என்னுங் கருத்துப் பரவியிருந்த காலத்தில், பாஸ்டன் நகரிற் பிறந்த குழவிகளை அதன்பொருட்டுச் சோதித்து வந்தனர். களங்கமொன்றைப் பிள்ளையின்மேல் ஏற்றி வளர்த்தல் தகாதெனப் பெக்வித்தும் தோழரும் எதிர்த்தனர். 1975-ஆம் ஆண்டில் அச்சோதனை நின்றது.

ஒருவனைப் பிறப்பால் அளந்து வைக்கும் வழக்கம் எத்தகைய துயர் தருமென்பதை நம்மனோர்க்கு விரித்துரைக்க வேண்டா. கற்கும் நம் சிறார், அறிவைத் தேடுமளவில் நில்லாது, அது யாரைச் சென்று என்செய்கின்றது என்றும் நோக்குவாராக. அக்கடமையையும் கல்வியின் பகுதியாகவே இப்பெரியார் கொண்டார்.