மடிக்கணினியின் முதுமை: ஒரு காத்திருப்பின் வரலாறு

ஏழெட்டு ஆண்டுகள் பழகிய மடிக்கணினி மெல்ல மெல்லச் சோர்வதை நம்மில் பலர் கண்டிருப்போம். பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தி வந்தாலும் திரை முழுமையாக விழித்திருப்பதில்லை. 'வயதாகிவிட்டது' என்று தீர்ப்பெழுதிவிட்டுப் புதியதொன்றை வாங்கப் புறப்படுகிறோம். ஆனால் கணினியின் மூளையாகிய செயலி மனித உடலைப்போல் மூப்படைவதன்று. தூசியும் வெப்பமும் தடுக்காதவரை, வாங்கிய நாளில் இயங்கிய வேகத்திலேயே அது இன்றும் இயங்குகிறது. கணக்கிடுவதில் அதற்குத் தாமதமில்லை. கணக்கிட வேண்டியது கைக்கு வந்துசேரும்வரை அது காத்திருக்கிறது. இந்தக் காத்திருப்புக்கு எழுபதாண்டு வரலாறு உண்டு.

1956 செப்டம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் 'ரேமாக்' என்னும் கணினியை அறிவித்தது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே ஆய்வகத்தில் ரெனால்ட் ஜான்சன் தலைமையில் உருவான அதன் சேமிப்புக் கருவியில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் நிமிடத்துக்கு 1200 முறை சுழன்றன. எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். கேட்ட தகவலைத் தேடியெடுக்க அதற்குச் சராசரியாக 600 மில்லிநொடி தேவைப்பட்டது. காந்த நாடாவை முதலிலிருந்து ஓட்டித் தேடிய காலத்தில் இது பெரும் பாய்ச்சலே.

அரை நூற்றாண்டு கடந்து, மடியில் வைக்கும் கணினிக்குள் 500 ஜிகாபைட் வன்தட்டு வந்தது. கொள்ளளவு சுமார் ஒரு லட்சம் மடங்கு பெருகியிருந்தது. ஆனால் காத்திருப்பு? மடிக்கணினியின் வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்வது. அரைச் சுற்றுக்கு ஐந்தரை மில்லிநொடி. படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர மேலும் பத்துப் பன்னிரண்டு. ஆக, 600 மில்லிநொடி ஏறத்தாழ 17 ஆயிற்று. லட்சம் மடங்கு ஒருபுறம். முப்பத்தைந்து மடங்கு மறுபுறம். சுழலும் தட்டும் நகரும் கரமும் இயற்பியலுக்குக் கட்டுப்பட்டவை; அவற்றை விரட்டுவதற்கு எல்லையுண்டு. 2 கிகாஹெர்ட்ஸ் செயலி அந்த 17 மில்லிநொடிக்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட முறை துடித்துவிடும்.

ஒரு சுவடி நூலகத்தை எண்ணிப் பாருங்கள். மேசையருகே விரைவாகப் படிக்கும் ஆய்வாளர், அவர்தாம் செயலி. உள்ளே சுவடிகள் அடுக்கிய அறை, அதுவே வன்தட்டு. ஆய்வாளரின் மேசைதான் 'ரேம்' எனப்படும் நினைவகம். மேசை சிறிதானால் ஒரு கட்டை உள்ளே அனுப்பிய பிறகே மற்றொன்றைப் பெற இயலும். ஏவலர் நடந்துகொண்டேயிருப்பார், படிப்பு நின்றுபோகும்.

இது வெறும் உவமையன்று. 1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய 'அட்லஸ்' கணினி, நினைவகம் போதாதபோது அதிலுள்ளதைப் பக்கம் பக்கமாகச் சேமிப்புக்கு அனுப்பி, வேண்டும்போது மீட்கும் முறையைக் கொண்டிருந்தது. 'பக்கம்' என்றே அவர்கள் பெயரும் இட்டனர். இன்றைய கணினிகளும் அதன் வழிவந்தவையே. ஆனால் நினைவகம் அளவுமீறிக் குறைந்தால், வேலையைவிடப் பக்கங்களை ஏற்றியிறக்குவதிலேயே காலம் கழிந்துவிடும். பீட்டர் டென்னிங் 1968இல் எழுதிய கட்டுரையொன்றில் இந்த நிலையை 'திராஷிங்' என்னும் பெயரால் ஆராய்ந்தார். இணைய உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்ததும் பழைய மடிக்கணினி திணறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆகவே பரிகாரம் இரண்டு: மேசையைப் பெரிதாக்குதல், ஏவலரை மாற்றுதல். முதலாவது, கூடுதல் ரேம். இரண்டாவதற்கு நாம் ஜப்பானுக்குக் கடன்பட்டுள்ளோம். தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா, மின்சாரம் நின்றபின்னும் மறவாத 'ஃபிளாஷ்' நினைவகத்தை 1984இல் உலகுக்கு அறிவித்தார். இன்று பரவலாகப் பயன்படும் 'நாண்ட்' வகை 1987இல் வெளிப்பட்டது. தம் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கு கிட்டவில்லை என்று அவர் 2004இல் வழக்குத் தொடுக்க நேர்ந்தது, 2006இல் 8.7 கோடி யென்னுக்கு அவ்வழக்கு சமரசத்தில் முடிந்தது. இச்சில்லுகளால் ஆன திடநிலை வட்டில் சுழல்வதும் நகர்வதும் இல்லை. கேட்டதைக் கொடுக்க அதற்கு ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கே போதும்.

2008 செப்டம்பரில் இன்டெல் தன் 80 ஜிகாபைட் திடநிலை வட்டை 595 டாலர் விலையில் அறிமுகப்படுத்தியது. எளியோர்க்கு எட்டாத விலைதான். ஆயினும் அதன் வடிவமைப்பில் ஒரு பணிவு இருந்தது. பழைய வன்தட்டின் அதே இரண்டரை அங்குல உருவம், அதே 'சாட்டா' இணைப்பு. வன்தட்டைக் கழற்றிய இடத்திலேயே அது அமர்ந்துகொள்ளும். கணினியின் இணைப்பு பழைய வேகத்ததாயினும், காத்திருப்புக் குறையும் பயன் குறையாமல் கிட்டும். பின்வந்த ஆண்டுகளில் விலையும் பெரிதும் வீழ்ந்தது. 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை மீண்டும் ஏறிற்று. எனினும் 240 ஜிகாபைட் வட்டொன்றின் விலை, புதிய மடிக்கணினியின் விலைக்கு முன் சிறு தொகையே.

ஆனால் அதே 2008 ஜனவரியில்தான், நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்த 'மேக்புக் ஏர்' மெலிந்த அழகோடு மேடையேறியது. பிற நிறுவனங்களும் பின்னர் இப்பாதையில் நடந்தன. நோய்க்கு மருந்து வந்த ஆண்டிலேயே மருந்திடும் வாயிலும் அடைபடத் தொடங்கியது. திருகாணியைக் கழற்றித் தன் பொருளின் ஆயுளைத் தானே நீட்டும் உரிமை ஓசையின்றிக் குறைந்துவருகிறது.

தமிழ்நாட்டில் இதற்குத் தனிப்பொருள் உண்டு. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாணவர்க்கு வழங்கப்பட்டன. பல குடும்பங்களுக்கு அதுவே வீட்டின் முதல் கணினி. அக்காவுக்குக் கிடைத்தது இன்று தம்பியின் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்ய உதவக்கூடும். அலமாரியில் உறங்கவும் கூடும். இரண்டுக்கும் இடையிலான தூரம் சில ஆயிரம் ரூபாயும், ரிச்சி தெரு போன்ற ஒரு கடைவீதியில் அரைமணி நேரமுமே.

எல்லா நோய்க்கும் இது மருந்தாகாது. காணொளித் தொகுப்புப்போல் செயலியே உழைக்கவேண்டிய பணிகளில் பெரிய மாற்றம் தெரியாது. 'டிடிஆர்3' நினைவகம் வேண்டும் கணினியில் 'டிடிஆர்4' பொருந்தாது. வட்டை மாற்றுமுன் கோப்புகளுக்குப் படியெடுத்து வைப்பது கட்டாயம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொதுப் பராமரிப்பு நின்றதனால், விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளில் லினக்ஸை நிறுவிக்கொள்வது நலம். எழுதவும் படிக்கவும் அது தாராளமாகப் போதும்.

ஓலை சிதைந்தபோது நம் முன்னோர் நூலைக் கைவிடவில்லை. புதிய ஓலையில் பெயர்த்தெழுதி வைத்தனர். பழைய மடிக்கணினியை எடைக்குப் போடுமுன் அதன் அடிப்பாகத்தை ஒருமுறை திருப்பிப் பார்ப்போம். அங்கே திருகாணிகள் இருக்குமானால், அதன் வரலாறு இன்னும் முடியவில்லை.