பேரலை மாத்துறதுக்கு முன்னாடி தோட்டாவை மாத்திப் பாருங்க! பாயின்ட் 22 ரைஃபிளுக்கு பட்ஜெட் டிப்ஸ்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றாரே, ஞாபகம் இருக்கா? அந்த 50 மீட்டர் போட்டியில் சுடுவது பாயின்ட் 22 ரைஃபிளில்தான். டார்கெட்டில் 10 பாயின்ட் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு சட்டை பட்டன்!

ஸ்கோர் ஏறாவிட்டால் புது பேரல், புது ஸ்டாக் என்று மனசு அலைபாயும். பர்ஸைத் திறப்பதற்கு முன் தோட்டாவைக் கவனியுங்கள். பாயின்ட் 22 தோட்டாவில் தீப்பொறி கிளப்பும் ரசாயனம் அடிப்பக்க விளிம்புக்குள் இருக்கும். அதனால்தான் 'ரிம்ஃபயர்' என்று பெயர். சென்டர்ஃபயர் தோட்டா மாதிரி, காலி கூட்டில் மருந்து நிரப்பி நம் ரைஃபிளுக்கு ஏற்ப தயாரிக்க வழியில்லை. ஃபேக்டரி கொடுப்பதுதான். அதிலும் ஒரே பிராண்டின் இரண்டு லாட் இரண்டு விதமாகப் போகும். ஒரு ரைஃபிளுக்கு ஒத்துவருவது பக்கத்து ரைஃபிளுக்கு ஒத்துவராது.

எனவே நாலு வகைத் தோட்டாவில் ஆளுக்கு ஒரு பெட்டி வாங்குங்கள். கிளப் நண்பர்களோடு பங்கு போட்டால் செலவு இன்னும் குறையும். காற்று அடங்கிய காலை நேரத்தில், மணல் மூட்டையில் ரைஃபிளைத் தாங்கவைத்து 50 மீட்டரில் ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். ஒரே ஒரு குரூப் அழகாக விழுந்ததும் குதிக்காதீங்க. குறைந்தது ஐந்து குரூப் சுட்டு சராசரி பாருங்கள். வகை மாற்றும்போது முதல் பத்து ரவுண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், பேரலுக்குள் புது மெழுகுப்பூச்சு படியணும். 'ஹை வெலாசிட்டி' என்ற பெயரில் மயங்க வேண்டாம். மேட்ச் தோட்டாக்களை ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழேதான் செய்கிறார்கள். ஒலியைத் தாண்டிப் பாயும் குண்டு, வேகம் குறைந்து அந்த எல்லையைக் கடக்கும்போது தடுமாறலாம்.

ஒத்துப்போகும் லாட் கிடைத்ததா? கையில் இருக்கும் காசுக்கு அதையே மொத்தமாக வாங்கிவிடுங்கள். என் கணக்கில் இதைவிட லாபமான செலவு வேறில்லை.

அடுத்தது ஸ்க்ரூ. ஸ்டாக்கோடு ரைஃபிளைப் பிணைக்கும் ஸ்க்ரூ லேசாகத் தளர்ந்தாலே குண்டுகள் சிதறும். டார்க் ரெஞ்ச் ஒன்றைக் கடன் வாங்கி, கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். பேரல் வாயில் காது குடையும் பஞ்சுக்குச்சியால் மெதுவாக உள்ளிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள் (ரைஃபிள் காலிதானா என்று பார்த்த பிறகு!). பஞ்சு எங்காவது சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. அதைச் சரிசெய்வது உரிமம் பெற்ற ஆர்மரர் வேலை. ட்ரிகரும் அப்படியே. யூடியூப் பார்த்து கை வைத்தால், தட்டினாலே வெடிக்கும் நிலைக்குப் போய்விடலாம்.

பைசா செலவில்லாத ஒன்றும் உண்டு. படுத்து, குறி பார்த்து, கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறங்கள். குறி விலகியிருந்தால் ரைஃபிளைக் கையால் தள்ளாதீர்கள், உடம்பை நகர்த்துங்கள். வீட்டில் காலி ரைஃபிளில் ட்ரிகர் பழகலாம். ஆனால் ரிம்ஃபயரில் சில மாடல்களின் ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பில் இடித்துப் பழுதாகும். கையேட்டில் அனுமதி இல்லையென்றால் டம்மி தோட்டா போட்டுத்தான் பழகணும்.