செய்திக்குறிப்பின் தடம்: நறுக்கு நிலையம் முதல் இணையக் கண்காணிப்பு வரை

ஆய்வுச் சுருக்கம்

நிறுவனங்களும் அரசுகளும் வெளியிடும் செய்திக்குறிப்புகள் இதழாளரையும் வாசகரையும் எவ்வாறு சென்றடைகின்றன என்பதை அறியும் முயற்சி ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு உடையது. பிரித்தானிய, அமெரிக்கச் சான்றுகளின் துணையுடன் அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒவ்வொரு காலக்கட்டத்திலும் அளக்க எளிதானதே அளக்கப்பட்டது. அவ்வாறு அளக்கப்பட்டதே செய்தியின் பயனாகவும் கருதப்பட்டது என்பது இதன் கருதுகோள். அனுப்பியவரின் எண்ணிக்கையைக் காட்டிலும், குறிப்பின் சொற்களே செய்தியில் எங்குச் சென்று சேர்ந்தன என்று பின்தொடரும் உரை ஒப்பீட்டு முறையே வாசகருக்குப் பயன்தருவது என இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: செய்திக்குறிப்பு, செய்தி நறுக்கு, கம்பிச் சேவை, இணையக் கண்காணிப்பு, உரை ஒப்பீடு, இதழியல் வரலாறு.

முன்னுரை

நாளிதழில் வெளிவரும் செய்தி முழுவதும் செய்தியாளர் நேரில் சென்று திரட்டியது என்று வாசகர் எண்ணுவது இயல்பு. ஆயினும், அச்செய்தியின் ஒரு பகுதி, சில வேளைகளில் முழுமையும், தொடர்புடைய நிறுவனமே எழுதி அனுப்பிய குறிப்பிலிருந்து பிறக்கிறது. இவ்வழக்கத்தின் தொடக்கமாக 1906ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று பரவலாகச் சுட்டப்படுகிறது. அவ்வாண்டு அக்டோபர் 28ஆம் நாள் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் தொடர்வண்டி ஒன்று பாலத்திலிருந்து நீரில் கவிழ்ந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பென்சில்வேனியா ரயில்வே நிறுவனத்திற்காகப் பணியாற்றிய ஐவி லீ, விபத்தை மறைப்பதற்கு மாறாக, நிறுவனத்தின் கூற்றை எழுதி இதழ்களுக்கு வழங்கினார். நியூயார்க் டைம்ஸ் இதழ் அதனை அவ்வாறே அச்சிட்டது.

இந்நிகழ்ச்சியில் குறிப்பின் தடத்தை அறிவதற்குத் தனிக்கருவி எதுவும் தேவைப்படவில்லை. மறுநாள் இதழைப் புரட்டினாலே போதுமானதாக இருந்தது. குறிப்புகளும் இதழ்களும் பெருகியபோதுதான் ‘அனுப்பியது எங்குச் சென்றது?’ என்னும் வினா ஒரு தொழிலுக்கு வழிவகுத்தது.

நறுக்கு நிலையங்களின் காலம்

செய்தி நறுக்கு நிலையங்கள் செய்திக்குறிப்பினும் மூத்தவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ், லண்டன், நியூயார்க் ஆகிய நகரங்களில் இத்தகைய நிலையங்கள் தோன்றின. ஹென்றி ரொமைக்கியின் நிலையம் அவற்றுள் பெயர்பெற்றது. இந்நிலையங்களில் பணியாளர்கள் நாள்தோறும் இதழ்களைப் படித்து, வாடிக்கையாளரின் பெயர் இடம்பெற்ற பகுதிகளைக் கத்தரித்து, இதழின் பெயரும் நாளும் குறித்து அனுப்புவர். நடிகர், எழுத்தாளர், அரசியலாளர் ஆகியோர் தம்மைப் பற்றி எழுதப்பட்டதை அறிய இதனை நாடினர். பின்னர் மக்கள் தொடர்புத் துறையினர் தாம் அனுப்பிய குறிப்பு அச்சேறியதா என்பதை அறிய இதனையே பயன்படுத்தினர்.

நறுக்கு என்பது ஒரு நல்ல சான்று. அச்சான சொற்கள் அதில் அப்படியே இருந்தன. குறிப்புடன் வைத்து ஒப்பிட அது இடமளித்தது. ஆனால் நடைமுறையில் அத்தகைய ஒப்பீடு முதன்மை பெறவில்லை. நறுக்குகளின் எண்ணிக்கையும், அவை பிடித்த இடத்தின் நீளமும் அளக்கப்பட்டன. அதே அளவு இடத்தை விளம்பரத்திற்கு வாங்கினால் எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டு, அத்தொகையையே செய்தியின் மதிப்பாகக் காட்டும் ‘விளம்பர இணைமதிப்பு’ என்னும் முறை வேரூன்றியது. செய்தியை எத்தனை பேர் படித்தனர், படித்தவர் நம்பினரா என்னும் வினாக்களுக்கு இம்முறையில் விடை இல்லை.

கம்பிச் சேவைகளும் விரைவும்

1954ஆம் ஆண்டு ஹெர்பர்ட் மஷெல் நியூயார்க்கில் பிஆர் நியூஸ்வயர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அஞ்சலிலும் ஆள்வழியாகவும் சென்ற குறிப்புகள் அதன்பின் டெலிபிரிண்டர் வழியே செய்தி அறைகளுக்குள் நேரடியாகச் சென்றன. 1961இல் லோரி லோக்கி சான்பிரான்சிஸ்கோவில் பிசினஸ் வயர் நிறுவனத்தை நிறுவினார். செய்தி நிறுவனங்களின் செய்தி வந்திறங்கும் அதே வடிவில், கட்டணம் செலுத்தியவரின் குறிப்பும் வந்திறங்கியது இக்காலக்கட்டத்தின் முதன்மையான மாற்றம்.

இதனால் கண்காணிப்பின் பொருளும் மாறியது. எத்தனை செய்தி அறைகளுக்கு, எந்த நிமிடத்தில் குறிப்பு சேர்க்கப்பட்டது என்பதைச் சேவை நிறுவனம் உறுதியாகக் கூற இயன்றது. இது விநியோகத்தின் கணக்கே அன்றி வாசிப்பின் கணக்கு அன்று. எனினும் பங்குச் சந்தையைப் பொறுத்தவரை இந்நிமிடக் கணக்கு இன்றியமையாததாயிற்று. முதலீட்டாளர் அனைவருக்கும் ஒரே நேரத்தில் தகவல் கிடைத்தது என்பதற்கு அதுவே சான்று. அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2000ஆம் ஆண்டு நடைமுறைப்படுத்திய நியாயமான தகவல் வெளிப்பாட்டு விதி இத்தேவையைச் சட்டமாக்கியது.

இணையமும் இடைநிலையாளரின் விலகலும்

1990களின் நடுப்பகுதி வரை செய்திக்குறிப்பின் வாசகர் இதழாளர் மட்டுமே. அதனைப் பொதுமக்களிடம் சேர்ப்பதா, குப்பைக்கூடையில் இடுவதா என்பதை அவரே முடிவு செய்தார். இணையத்தில் குறிப்புகள் வெளியாகத் தொடங்கியபின் இந்த இடைநிலை தளர்ந்தது. அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுக் கழகம் 1996இல் தொடங்கிய யுரேக்அலர்ட் தளம், ஆய்வு நிறுவனங்களின் குறிப்புகளை ஓரிடத்தில் திரட்டியது. 1997இல் தோன்றிய பிஆர்வெப், குறிப்பை இதழாளருக்கு மட்டுமன்றித் தேடுபொறி வழியாக நேரடியாக வாசகருக்கும் சேர்ப்பதை நோக்கமாகக் கொண்டது. 2002இல் கூகுள் நியூஸ் அறிமுகமானபின், செய்தியும் செய்திக்குறிப்பும் ஒரே திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் நிலை உருவாயிற்று.

இம்மாற்றத்தின் இடரை 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் நிகழ்ச்சி வெளிப்படுத்தியது. எமுலெக்ஸ் என்னும் கலிபோர்னிய நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார், அதன் வருவாய்க் கணக்கு திருத்தப்படுகிறது என்று கூறும் போலிக் குறிப்பு ஒன்று இன்டர்நெட் வயர் சேவையில் வெளியாயிற்று. நிதிச் செய்தி நிறுவனங்கள் அதனைச் சரிபாராது வெளியிட்டன. 16 நிமிடங்களில் பங்கின் விலை ஏறத்தாழ 104 டாலரிலிருந்து 43 டாலராகச் சரிந்தது. நிறுவனத்தின் சந்தை மதிப்பில் 200 கோடி டாலருக்கும் மேல் குறைந்தது. புலனாய்வாளர் குறிப்பின் தடத்தைப் பின்னோக்கித் தொடர்ந்து, அது ஒரு கல்லூரி நூலகக் கணினியிலிருந்து மின்னஞ்சலாக அனுப்பப்பட்டதைக் கண்டறிந்தனர். அனுப்பியவர் அச்சேவை நிறுவனத்தின் முன்னாள் பணியாளர். அவருக்கு 44 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதுவரை ‘எங்குச் சென்றது’ என்பதை மட்டும் அறிய உதவிய கண்காணிப்பு, ‘எங்கிருந்து வந்தது’ என்பதை அறியவும் தேவை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

இணையக் கண்காணிப்பின் கருவிகளும் எல்லைகளும்

இணையம் மூவகைத் தடங்களை வழங்கியது. முதலாவது, வழங்கியின் பதிவேடு. ஒரு பக்கம் கோரப்பட்ட நேரமும், கோரிய கணினியின் முகவரியும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதும் அதில் பதிவாகும். இரண்டாவது, மின்னஞ்சலில் பொதிக்கப்படும் ஒற்றைப் படப்புள்ளி. கண்ணுக்குப் புலனாகாத அப்படத்தை மின்னஞ்சல் செயலி பதிவிறக்கும்போது, கடிதம் திறக்கப்பட்டதாக அனுப்பியவருக்குத் தெரியவரும். மூன்றாவது, ஒவ்வொரு பெறுநருக்கும் தனித்தனியே அமைக்கப்பட்ட மீயிணைப்பு. இவற்றால் எந்த இதழாளர் குறிப்பைத் திறந்தார், எதனைச் சொடுக்கினார் என்பது வரை அறிய முடிந்தது. நறுக்கு நிலையம் இதழைக் கண்காணித்தது. இணையக் கருவியோ இதழாளரையே கண்காணிக்கத் தொடங்கியது.

எனினும் இத்தடங்கள் தோன்றும் அளவிற்கு உறுதியானவை அல்ல. பதிவேட்டில் காணப்படும் வருகைகளில் கணிசமானவை தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களுடையவை. 2013 இறுதியில் ஜிமெயில் படங்களைத் தன் வழங்கி வழியாகவே பெற்றுத் தரத் தொடங்கியது. அதனால் வாசகரின் இருப்பிடம் மறைந்தது. 2021இல் ஆப்பிள் நிறுவனம் தன் மின்னஞ்சல் செயலியில், வாசகர் திறந்தாலும் திறவாவிட்டாலும் படங்களை முன்கூட்டியே பதிவிறக்கும் தனியுரிமை வசதியை அளித்தது. ஆகவே ‘திறக்கப்பட்டது’ என்னும் எண் படிப்பைக் குறிக்கும் என்பதற்கு உறுதியில்லை.

எண்ணிக்கையே இலக்கானபோது குறிப்பின் இயல்பும் மாறியது. தேடுபொறியில் முன்னிடம் பெறும் பொருட்டு இணைப்புகளை நிரப்பிய குறிப்புகள் பெருகின. 2013இல் கூகுள் தன் வழிகாட்டு விதிகளில், செய்திக்குறிப்புகள் வழியாகப் பரப்பப்படும் இத்தகைய இணைப்புகளை முறைகேடான இணைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. 2014இல் பிசினஸ் வயர், அதிவிரைவுப் பங்கு வணிகருக்கு நேரடியாகக் குறிப்புகளை வழங்குவதை நிறுத்தியது. குறிப்பின் முதல் வாசகர் மனிதர் அல்லர், இயந்திரம் என்னும் நிலை ஏற்பட்டிருந்ததை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

வெளியாகாத குறிப்பின் மதிப்பு இதனினும் மிகுதி. 2010 முதல் 2015 வரை மூன்று பெரிய கம்பிச் சேவைகளின் கணினிகளுக்குள் ஊடுருவி, வெளியீட்டிற்காகக் காத்திருந்த ஏறத்தாழ 1,50,000 குறிப்புகள் களவாடப்பட்டன என்றும், அவற்றைக் கொண்டு பங்கு வணிகம் நடந்தது என்றும் அமெரிக்க அரசு 2015 ஆகஸ்டில் குற்றஞ்சாட்டியது. வெளியீட்டுக்குப் பிந்தைய தடத்தை நுணுக்கமாக அளந்த துறையில், முந்தைய தடம் பல ஆண்டுகள் கசிந்திருந்தது.

சொற்களைப் பின்தொடர்தல்

அளவீட்டின் குறையைத் துறையினரே உணர்ந்தனர். 2010இல் பார்சிலோனாவில் கூடிய மக்கள் தொடர்பு அளவீட்டு அமைப்புகள், விளம்பர இணைமதிப்பு செய்தியின் மதிப்பு ஆகாது என அறிவித்தன. இதே காலத்தில் பல்கலைக்கழக ஆய்வாளர் வேறொரு வழியை மேற்கொண்டனர். குறிப்பின் சொற்களையும் செய்தியின் சொற்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதே அவ்வழி.

கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரித்தானிய நாளிதழ்கள் ஐந்தின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செய்திகளை ஆராய்ந்தனர். அவற்றுள் ஏறத்தாழ 60 விழுக்காடு செய்தி நிறுவனச் செய்திகளையோ மக்கள் தொடர்புக் குறிப்புகளையோ முழுவதுமாக அல்லது பெரும்பாலும் சார்ந்திருந்தன. செய்தியாளரே முழுமையாகத் திரட்டியவை 12 விழுக்காடு மட்டுமே. நிக் டேவிஸ் 2008இல் வெளியிட்ட நூல் இம்முடிவுகளைப் பரவலாக்கியது. 2011இல் மீடியா ஸ்டாண்டர்ட்ஸ் டிரஸ்ட் என்னும் பிரித்தானிய அமைப்பு, எவரும் ஒரு குறிப்பை உள்ளிட்டு அதன் சொற்கள் எந்தச் செய்தியில் படியெடுக்கப்பட்டுள்ளன என்று அறியும் இணையக் கருவியை வெளியிட்டது. அனுப்பியவரிடம் மட்டும் இருந்த கண்காணிப்பு, முதன்முறையாக வாசகர் கைக்கு வந்தது இங்கேதான்.

இவ்வழியின் ஆற்றலைக் காட்டும் சிறந்த சான்று, 2014 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வு. பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் 20 வெளியிட்ட உடல்நலம் சார்ந்த 462 குறிப்புகளையும், அவற்றிற்குரிய ஆய்வுக்கட்டுரைகளையும், 668 செய்திகளையும் அது ஒப்பிட்டது. குறிப்புகளில் 40 விழுக்காடு, ஆய்வுக்கட்டுரையில் உள்ளதைவிட மிகைப்படுத்திய அறிவுரை கொண்டிருந்தன. குறிப்பில் அத்தகைய மிகை இருந்தபோது, செய்திகளில் 58 விழுக்காட்டில் அது காணப்பட்டது. குறிப்பில் இல்லாதபோது 17 விழுக்காட்டில் மட்டுமே காணப்பட்டது. செய்தியாளரே அறிவியலைத் திரிக்கின்றனர் என்னும் பொதுக்கருத்தை இம்முடிவு பெரிதும் மாற்றுகிறது. மிகையின் ஊற்றுக்கண் பல நேரங்களில் குறிப்பை எழுதிய நிறுவனத்தினுள்ளேயே இருந்தது. உடல்நலம் பற்றிய தவறான அறிவுரையை நம்பி நடப்பவர் கடைநிலை வாசகர் என்பதால், இது கல்விசார் வினா மட்டும் அன்று.

முடிவுரை

செய்திக்குறிப்பின் தடத்தை அறியும் முயற்சி, நறுக்குகளின் எண்ணிக்கை, விநியோக நிமிடம், சொடுக்குகளின் தொகை என வளர்ந்தது. இவை அனைத்தும் அனுப்பியவரின் தேவைக்காக உருவானவை. அவற்றின் பதிவுகளும் பெரும்பாலும் நிறுவனங்களின் கைவசமே உள்ளன. வாசகருக்கோ ‘எத்தனை பேர் திறந்தனர்’ என்பதைவிட, ‘தாம் படிப்பது யாருடைய சொல்?’ என்பதே முதன்மையான வினா. அதற்கு விடை தருவது உரை ஒப்பீடு ஒன்றே.

இம்முறை தமிழ் இதழியல் ஆய்வுக்கும் பொருந்தும். இந்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் தன் குறிப்புகளைத் தமிழிலும் இணையத்தில் வெளியிடுகிறது. மூலக்குறிப்பும் நாளிதழ்ச் செய்தியும் ஒருங்கே கிடைப்பதால், எவ்வளவு அப்படியே எடுக்கப்பட்டது, எது சேர்க்கப்பட்டது, எது விடப்பட்டது என்பதை வரிக்கு வரி காண இயலும். மூலத்தோடு படியை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காணும் பயிற்சி தமிழாய்வுக்கு நீண்ட காலமாகவே உண்டு. ஏட்டுச்சுவடிப் பதிப்பில் தேர்ந்த அப்பயிற்சி, நாள்தோறும் படிக்கப்படும் செய்தியின் மூலத்தைக் காணவும் துணைநிற்கும்.